வெடி வைத்த பிறகு தலையைத் தூக்காதே

நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வேட்டைக்குப் போகிற தமிழர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். யாரோ என்னையும் அதில் போட்டுவிட்டார்கள். காலையில் கைபேசியைத் திறந்தால் செத்த மானுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படங்கள்தான். போன மாதம் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணை, ஆபிரிக்காவில காட்டெருமை சுடப் போறம். எந்தத் துவக்கு, எந்தச் சன்னம் நல்லம்? நீங்கள்தானே அந்த லைனில இருந்தனீங்கள்."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் ஒரு பட்டாளமே பதில் எழுதிவிட்டது. ஒருவர் 458 என்றார், குழல் வாயின் அளவைச் சொல்லுகிற எண். அவரை மிஞ்ச வேண்டுமே, அடுத்தவர் 500 என்றார். இன்னொருவர் யூடியூப் இணைப்பு ஒன்றைப் போட்டு, "இதைப் பாத்தால் காணும்" என்றார். ஒருவர் கையை மடக்கித் தசையைக் காட்டுகிற பொம்மைப்படம் போட்டார். அதுவும் ஒரு பதில்தானாம்.

இவர்களில் ஒருவர்கூட மிருகக்காட்சிச்சாலைக்கு வெளியே காட்டெருமையைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைச் சுடப் போனவர்களையும் சுட்டுவிட்டு வந்து புளுகினவர்களையும் என் உழைப்புக் காலம் முழுக்கப் பார்த்தவன் நான். எருமையை அறிய வேண்டுமானால் காட்டுக்குப் போக வேண்டும். எருமை சுடத் துவக்கு வாங்குகிறவனை அறிய வேண்டுமானால் கடை மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நான் மன்னாரில் கடைசல் வேலை பழகினவன். அகதியாக இங்கே வந்தபோது ஏவன்டேலில் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்தேன். அந்தப் பட்டறை மூடியதும் வேறொரு இடத்தில் கடைசல்காரன் தேவை என்றார்கள். போய்ப் பார்த்தால் துவக்குக் கடை. ரயில் பாதைக்குப் பின்னால், டயர்க் கடை ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருந்தது. துவக்கென்றால் அதுவரை எனக்கு அடுத்தவன் கையில் இருந்து என்னைப் பார்க்கிற சாமான். வேலையை ஏற்றேன். வாடகை கட்ட வேண்டும்.

முதலாளியின் பெயர் கொலின். இளமையில் அரசாங்கத்துக்காக மலைகளில் மான் சுட்டவர். பிறகு சில காலம் ஆபிரிக்காவில் வேட்டை வழிகாட்டிகளின் துவக்குகளைத் திருத்திக் கொடுத்தவர். கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். கடைக்கு வருகிறவனுக்கு வணக்கம் சொல்லமாட்டார். பெரிய துவக்கு வேண்டும் என்று எவனாவது கேட்டால், ஒரேயொரு கேள்விதான்: "கடைசியாக எதைத் தவறவிட்டாய்?" நான் தவறவிட்டதே இல்லை என்கிறவனுக்குக் கதவைக் காட்டுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன், இல்லையென்றால் கட்டுரை இரண்டு மடங்காகும்.

பெரிய, ஆபத்தான மிருகத்துக்குத் துவக்கு தேர்ந்தெடுப்பதில் கொலினுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஆளை நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லுவார். மூடிய கண்ணோடு துவக்கைத் தோளுக்குத் தூக்க வேண்டும். பிறகு கண்ணைத் திற என்பார். திறந்ததும், குறிபார்க்கக் குழலுக்கு மேலே பூட்டுகிற கண்ணாடி, அந்த ஸ்கோப்பின் நடுவில் வெளிச்சம் முழுதாகத் தெரிந்தால் துவக்கு அவனுக்குப் பொருந்துகிறது. கழுத்தை அப்படி இப்படி நெளித்துத் தேடினால் பொருந்தவில்லை. தோளில் வைக்கிற மரக்கட்டையை நான் வெட்ட வேண்டும், அல்லது ரப்பர் வைத்து நீட்ட வேண்டும். எருமை வரும்போது கழுத்தை நெளிக்க நேரமில்லை. வருகிறவர்களோ கட்டையின் மரத்தில் ஓடுகிற வரியைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். தளபாடம் வாங்க வந்தவர்களைப் போல.

அடுத்தது சன்னம், குழலில் இருந்து பறக்கிற குண்டு. இங்கே எல்லோரும் மான் சுட்டுப் பழகினவர்கள். மானுக்கு வருகிற சன்னத்தின் தோல் மெல்லியது, உள்ளே போனதும் பூவாக வெடித்துச் சிதறும். மான் அந்த இடத்திலேயே விழும். அதே சன்னத்தை எருமையின் தோளில் அடித்தால் எலும்பில் பட்டு நொறுங்கும். எருமைக்குக் கோபம் மட்டும் வரும். இதை வாயால் சொன்னால் எவன் நம்புவான்? அதனால் கொலின் காட்டுவார்.

பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பது என் வேலை. ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் மரக்கறி சுற்றி வருகிற சீனப் பத்திரிகைகள், கோவில் அறிவித்தல்கள், வீடு விற்கிறவர்கள் தபால்பெட்டிக்குள் திணிக்கிற பளபளப்பான புத்தகங்கள், எல்லாவற்றையும் பழைய குளியல் தொட்டியில் ஊறவைப்பேன். ஊறியதைப் பெட்டிகளில் இறுக்கி அடுக்கி, ஹெலன்ஸ்வில் பக்கம் ஒரு பண்ணையில் மண்மேட்டுக்கு முன் வைப்போம். முன்னுக்கு இறைச்சிக்கடையில் வாங்கிய மாட்டுத் தோளெலும்பு. எலும்பும் ஊறிய தாளும் சேர்ந்தால் அதுதான் எங்கள் எருமை. வீடு விற்கிற புத்தகம்தான் ஆகக் கடினம். ஓக்லாந்து வீட்டு விலையை எந்தச் சன்னமும் துளைக்காது என்பார் கொலின்.

மான் சன்னம் எலும்போடு முடிந்துவிடும். தாளில் ஈயத் துகள்தான் கிடக்கும். ஈயமும் செம்புத் தோலும் பிரியாமல் ஒட்டிச் செய்த மென்முனைச் சன்னம் எலும்பை உடைத்துக்கொண்டு போய், காளானைப் போல விரிந்து, பெட்டிகளின் பாதியில் நிற்கும். முழுக்கச் செம்பால் கடைந்த திடச் சன்னம் விரியாது. எல்லாப் பெட்டியையும் துளைத்துக்கொண்டு மண்மேட்டுக்குள் போய்விடும். அப்படியானால் திடச் சன்னமே போதுமே என்று புத்திசாலி ஒருவன் கேட்பான். முதல் வெடிக்கு அது கூடாது, ஏனென்றால் மந்தையில் பின்னால் நிற்கிற இன்னொரு எருமையையும் அது காயப்படுத்தும். முதலாவது மென்முனை. அது பட்டதும் மந்தை ஓடும். ஓடுகிற எருமையின் பின்பக்கம்தான் தெரியும், அதற்குப் பிறகு எல்லாம் திடச் சன்னம். இரண்டும் உன் துவக்கில் ஒரே இடத்தில் போய்ப் படுகிறதா, தட்டை மூக்குள்ள திடச் சன்னம், தோட்டா அடுக்குகிற மகசீனில் இருந்து தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று இங்கேயே சுட்டுப் பார்க்க வேண்டும். "எருமையைச் சன்னம் கொல்வதில்லை, துளை கொல்கிறது. துளை எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பார்" என்பார்.

தாளில் இருந்து எடுத்த சன்னங்களைக் கடை யன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார். வருகிறவன் எல்லாம் அவற்றுக்கு மேலாகக் கையை நீட்டிச் சுவரில் தொங்குகிற ஆகப் பெரிய துவக்கைத்தான் கேட்பான்.

மூன்றாவது சோதனையில்தான் எல்லோரும் கொலினை வெறுத்தார்கள். மூன்று கால் தடியில் துவக்கை வைத்து, நின்றபடி சுட வேண்டும். தோட்டாக்களை அவரே நிரப்புவார். நடுவில் ஒரு போலித் தோட்டா போட்டிருப்பார், எது என்று சொல்லமாட்டார். துவக்கு தோளில் உதைக்கப்போகிறது என்று பயந்து விசையை இழுக்கிறவனின் துவக்கு, 'டிக்' என்ற வெறும் சத்தத்துக்கே மூக்கால் நிலத்தைக் கொத்தும், கோழி தானியம் கொத்துகிற மாதிரி. நெஞ்சைத் தட்டிக்கொண்டு வந்த எத்தனையோ ஆம்பிளைகள் அங்கே கோழியானதை நான் பார்த்தேன். 458 அப்படித்தான் உதைக்கும். 375 அதைவிடக் குறைவாக உதைக்கும், எருமைக்கு அது தாராளம். ஆனால் 375 என்றால் இவர்களுக்கு வெட்கம். கூட்டாளி என்ன நினைப்பான்?

கடைசிச் சோதனை இந்த நாட்டு வேட்டைக்காரருக்கென்றே வைத்தது. நியூசிலாந்தில் மான் சுடுகிறவனுக்கு ஒரு பெருமை உண்டு, ஒரு வெடியில் ஒரு மான். சுட்டதும் துவக்கை இறக்கி, தலையைத் தூக்கி, விழுந்ததா என்று எட்டிப் பார்ப்பான். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து இரண்டாவது தோட்டாவை ஏற்றுவது மானக்கேடு. குழலின் வாயில் எல்லோரும் சத்தத்தை அடக்குகிற சைலன்சரோ உதையைக் குறைக்கிற பிரேக்கோ பூட்டியிருப்பார்கள், தோளுக்கு ஒன்றும் தெரியாது. மானுக்கு அது பரவாயில்லை. மான் திரும்பி வந்து உன்னைக் குத்தாது.

கொலின் பத்திரிகை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வெடி வைத்தவன் தலையைத் தூக்கினால் முழங்கையில் ஒன்று விழும். "பார்க்காதே. போல்ட்டை இழு. பார்ப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்."

இப்படி இருக்கிற கடையில்தான் என் மனைவியின் தம்பி அன்ரன் வந்து நின்றான்.

அன்ரனுக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற கொம்பனி. த்ரீ கிங்ஸில் பெரிய வீடு, முன்னால் அவன் பெயர் எழுதிய வான் வண்டிகள். மானும் பன்றியும் சுடுவான். அவனும் அவனுடைய கூட்டாளி ரூபனும் ஆபிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்கு இடம் பிடித்திருந்தார்கள். சொந்தக்காரன் வேலை செய்கிற கடை என்று வந்தான். அதுதான் அவன் செய்த ஒரே நல்ல காரியம், அதையும் அன்றைக்கே கெடுத்துக்கொண்டான்.

"அத்தான், ஆகப் பெரிசு எதுவோ அதை எடுங்கோ" என்றான்.

"எருமை சுடவோ, கப்பல் கவிழ்க்கவோ?" என்று கேட்டேன்.

"நக்கல் வேண்டாம் அத்தான். ரூபன் 416 எடுத்திட்டான். நான் அவனிலும் சின்னன் கொண்டுபோறதே?"

அந்தச் சனிக்கிழமை பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொலினிடம் ஒரு 458 இருந்தது, வாயில் பிரேக் பூட்டியது. மேசையில் வைத்துச் சுட்டபோது அன்ரன் நன்றாகவே சுட்டான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கொலின் போய் அந்தப் பிரேக்கைக் கழற்றித் தன் பைக்குள் போட்டார்.

"ஏன் கழட்டுறார்?" என்று அன்ரன் என்னைக் கேட்டான்.

கொலினுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி தெரியும். எல்லோரும் கேட்கிற கேள்வி. "இது உதையைக் குறைக்கிறது, உண்மை. வெடிக் காற்றைப் பக்கவாட்டில் திருப்பித்தான் குறைக்கிறது, சத்தமும் அந்தப் பக்கம் போகும். அங்கே உனக்கு முன்னால் ஒருவன் தடம் பார்த்துக்கொண்டு போவான். நீ சுடும்போது அவன் உன் பக்கத்தில் நிற்பான். அவனுக்குக் காது இருக்கிறது. எந்த நல்ல வழிகாட்டியும் முதல் நாளே இதைக் கழற்றச் சொல்லுவான். கழற்றினால் துவக்கு வேறு இடத்தில் அடிக்கும். உன்னையும் உதைக்கும். அதை இங்கே பழகு."

அன்ரன் எழுந்து தடிக்குப் பின்னால் நின்றான். முதல் வெடியிலேயே அவன் முகம் மாறியது. இரண்டாவது போலித் தோட்டா. துவக்கின் மூக்கு நிலத்தைக் கொத்தியது. கொத்தியது என்றால் சும்மா இல்லை, புல்லைத் தொட்டிருக்கும். கொலின் 375 ஒன்றைக் கொடுத்தார். அதிலும் கொத்தினான், கொஞ்சம் குறைவாக. உண்மையான வெடி ஒன்று போனதும் தலையைத் தூக்கி இலக்கை எட்டிப் பார்த்தான். சுருட்டிய பத்திரிகை முழங்கையில் விழுந்தது.

"தொடாதே!" என்று அன்ரன் கத்தினான்.

கொலின் குரலை உயர்த்தவில்லை. "375 உனக்குச் சரி. வருகிற சனிக்கிழமைகளிலும் வா. போலித் தோட்டாவுக்கு மூக்கு அசையாத நாளில் துவக்கைக் கொண்டுபோகலாம். அதுவரை நான் விற்கமாட்டேன்."

அவனுடைய வான் வண்டியில் திரும்பி வரும்போது அன்ரன் கொதித்துக்கொண்டிருந்தான்.

"உங்கட கிழவனுக்கு என்ன விசரோ? வாங்க வந்தவனுக்குச் சோதினை வைக்கிறான்."

"நீ நிலத்தைக் கொத்தினாய் அன்ரன். நானும் பாத்தனான்."

"அது புதுத் துவக்கு அத்தான். கை பழகேல்லை."

"அதுக்குத்தான் பழகச் சொல்லுறார்."

"நான் எத்தினை பன்றி சுட்டிருப்பன், தெரியுமே?"

"நாய் காதைக் கவ்வி வைச்சிருக்க நீ சுட்ட பன்றிதானே? எருமையைக் கவ்வ ஆர் நிக்கிறது?"

அதற்குப் பிறகு அவன் வீடு வரும் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அவனுடைய அக்காவோடு கதைத்திருக்கிறான். பின்னேரம் மேரி குசினியில் வெங்காயம் வெட்டுகிற வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"என்ர தம்பியை ஒரு வெள்ளையன் கடதாசியால அடிச்சிருக்கிறான். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள், என்ன?"

"அடிக்கேல்லை மேரி. தட்டினவர்."

"தட்டின*வராம்*. மரியாதை வேற."

"அவன் பிழையா நிண்டவன். அப்பிடி நிண்டால் அங்க ஆள் சாகும்."

"அவன் சாகப்போறான் எண்டு சொல்லுறியளோ? உங்கட வாயால?"

"அவனோ, அவனுக்குப் பக்கத்தில நிக்கிறவனோ. நான் என்ன கண்டன்."

"பக்கத்தில நிக்கிறவனை விடுங்கோ. எனக்கு என்ர தம்பி."

மேரியில் பிழையில்லை. அக்கா அப்படித்தான் சொல்லுவாள். எனக்கு உள்ளே எரிந்தது வேறொன்று. அன்ரனுக்கு ஏதாவது நடந்தால் அழ ஊரே இருக்கிறது, மண்டபம் எடுத்து நினைவஞ்சலி வைப்பார்கள். அவனுக்கு முன்னால் நடக்கிறவனுக்கு ஏதாவது நடந்தால் இங்கே ஒருவனும் ஏன் என்று கேட்கமாட்டான். கூலிக்கு முன்னால் போகிறவன். பணம் கட்டினவன் பின்னால் போகிறான். பின்னால் போகிறவன் வடிவாகச் சுடாவிட்டால், காயப்பட்ட எருமையைத் தேடிப் பற்றைக்காட்டுக்குள் முதலில் நுழைவதும் அந்த முன்னால் போகிறவன்தான்.

அன்ரன் சனிக்கிழமைகளில் வரவில்லை. வேறொரு கடையில் 458 வாங்கினான். அங்கே சோதனையும் இல்லை, சுருட்டிய பத்திரிகையும் இல்லை. பிரேக்கும் பூட்டி, மலையில் தூரத்து மான் சுடுகிற பெரிய ஸ்கோப்பையும் மேலே ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். கிட்டடியில் வருகிற எருமையை அதற்குள்ளால் பார்த்தால் வெறும் மயிர்தான் தெரியும். பெரிய உதைத் துவக்கில் கண்ணுக்குக் கிட்ட இப்படி ஒன்றைப் பூட்டினால் அது புருவத்தை வெட்டும். அவன் வீட்டுக்குப் போய் நான் சொன்னேன். மரியாதையாகவே சொன்னேன், எனக்கு மரியாதை வருகிற அளவுக்கு.

"போக முதல் பிரேக்கைக் கழட்டிப் போட்டு நிண்டு சுட்டுப் பழகு. இந்த ஸ்கோப்பையும் மாத்து. இவ்வளவும்தான்."

"ஓம் ஓம் அத்தான்."

இந்த 'ஓம் ஓம்' எனக்குத் தெரியும். ஒரு ஓம் என்றால் சம்மதம். இரண்டு ஓம் என்றால் வாயை மூடு.

அவன் போன நாளில் இருந்து மேரி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஆபிரிக்காவில் இருந்து செய்தி வரும் வரைக்கும் எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் இரண்டு பேரும் திடுக்கிடுவோம். பிறகு அன்ரன் படம் அனுப்பினான். செத்த எருமை, அதன் கொம்பில் கையை ஊன்றிக்கொண்டு அவன். புருவத்தில் பிளாஸ்டர். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கைபேசியை நீட்டினாள். "பாத்தீங்களோ? ஆள் சாகுமாம்."

திரும்பி வந்ததும் விருந்து. சனிக்கிழமை மத்தியானம், த்ரீ கிங்ஸ் வீட்டில். ஆட்டிறைச்சிக் கறி, கட்லற், பியர். அன்ரனின் புருவத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. எருமையோடு மல்லுக்கட்டினதில் வந்த காயம் என்று சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் கடையில் அந்தப் பிறையை ஸ்கோப்பின் முத்திரை என்போம். துவக்கைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு அது தானாகக் குத்திவிடுகிற முத்திரை.

சாப்பாட்டுக்குப் பிறகு ரூபன் தன் கைபேசியில் எடுத்த வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டான். எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

காய்ந்த புல். தூரத்தில் கறுப்பாக எருமைகள். வழிகாட்டி தடியை ஊன்றுகிறான், அன்ரன் துவக்கை வைக்கிறான். அவர்களுக்கு ஒரு பக்கமாக, படத்தின் ஓரத்தில், நீலச் சட்டை போட்ட மெலிந்த ஆள் ஒருவன் குந்தியிருக்கிறான். வெடிச் சத்தம். சன்னம் வயிற்றில் பட, எருமை நெளிந்து திரும்புகிறது. அன்ரன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். வழிகாட்டி கத்துகிறான். அன்ரன் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஒரு கை புருவத்தில். எருமை பற்றைக்குள் போய்விடுகிறது.

"இதில பாருங்கோ" என்றான் அன்ரன். "அந்த வழிகாட்டி விசரன் நாங்கள் போன முதல் நாளே என்ர பிரேக்கைக் கழட்டிப் போட்டான். இல்லாட்டி அந்த வெடியிலேயே சரிஞ்சிருக்கும்."

"அதுதானே" என்றது சபை.

படம் வெட்டுப்பட்டு மறுபடி தொடங்கியது. பற்றை ஓரம். நீலச் சட்டைக்காரன் முன்னால், குனிந்து நிலத்தைப் பார்த்தபடி. வழிகாட்டி அவனுக்குப் பின்னால். அன்ரன் எல்லோருக்கும் பின்னால். பிறகு பற்றையில் இருந்து கறுப்பாக ஒன்று வந்தது. படம் குலுங்கியது. வானம், புல், யாரோ ஓடுகிற கால். வழிகாட்டியின் பக்கத்தில் இருந்து இரண்டு வெடி. எருமை கிடந்தது. நீலச் சட்டையும் கிடந்தது, ஒரு கணம் மட்டும், உடனே படம் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள்.

"திருப்பிப் போடு" என்றேன்.

"அண்ணைக்கும் பிடிச்சிட்டுது!" என்று யாரோ சிரித்தார்கள். ரூபன் திருப்பிப் போட்டான். எல்லோரும் எருமையைப் பார்த்தார்கள். நான் அன்ரனின் முழங்கையைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. முதல் வெடிக்குப் பிறகு எருமை பற்றைக்குள் போய்ச் சேருகிற அவ்வளவு நேரமும், இன்னும் இரண்டு சன்னம் வைத்திருக்கக்கூடிய நேரம், அந்தப் போல்ட்டை அவன் தொடவே இல்லை.

"அந்த நீலச் சட்டைக்காரனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அன்ரன் பியரைக் குடித்தான். ரூபன்தான் சொன்னான். "தொடையில குத்திப்போட்டுது அண்ணை. ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டுபோனவை."

"கால் இருக்கோ?"

"தெரியாது அண்ணை. நாங்கள் அடுத்த நாள் வெளிக்கிட்டிட்டம்."

"ஆளின்ர பேர் என்ன?"

"விடுங்கோ அத்தான்" என்றான் அன்ரன். "அங்கத்தைப் பேர் ஒண்டும் வாயில நுழையாது."

சபை சிரித்தது. பெயர் வாயில் நுழையாதாம். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எங்கள் பெயரை அரைகுறையாகக் கடித்துத் துப்புகிறார்கள் என்று மணிக்கணக்காகப் புலம்புகிற கூட்டம், விழுந்து விழுந்து சிரித்தது. மேரி மட்டும் சிரிக்கவில்லை. கட்லற் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள். "அண்டைக்கு உங்கட முதலாளி முழங்கையில தட்டினவர் எண்டியள். எதுக்கு எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ."

தட்டினவர் என்றாள். நான் சொன்னேன். முதல் வெடி பட்டதா என்று பார்க்கக் கூடாது. தலையைத் தூக்கக் கூடாது. பட்டது என்றே வைத்துக்கொண்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். வழிகாட்டி போதும் என்று சொல்லும் வரை சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீ நிறுத்திப் பார்க்கிற அந்த இடைவெளியில்தான் மற்றவன் குத்துப்படுகிறான்.

"ம்" என்றாள்.

பிறகு கொலின் கடையை விற்றார், நானும் ஓய்வெடுத்தேன். வாங்கினவர்கள் அதை வெஸ்ட்கேட் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கோப்பி மெசின் இருக்கிறது. தோல் கதிரை இருக்கிறது. மிருகத்தின் பெயரைத் தட்டினால் எந்தத் துவக்கு, எந்தச் சன்னம் என்று சொல்லுகிற திரை இருக்கிறது. போலித் தோட்டா இருக்கிறதா என்று கேட்டேன். விற்கிற பிள்ளை, அது எந்தக் கொம்பனி என்று கேட்டான்.

ஆகவே வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு என் பதில். 375 போதும். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கூட்டை நகம்போலப் பிடித்து இழுக்கிற பழைய மாதிரிப் போல்ட் உள்ளதாகப் பாருங்கள், அவசரத்தில் அது கைவிடாது. சின்ன ஸ்கோப். பிரேக்கும் வேண்டாம், சைலன்சரும் வேண்டாம். பிரிந்துபோகாத மென்முனை ஒன்று, மிச்சம் திடச் சன்னம், இரண்டையும் இங்கேயே நின்று சுட்டுப் பழகுங்கள். யாரையாவது பிடித்து நடுவில் போலித் தோட்டா போடச் சொல்லுங்கள். மூக்கு நிலத்தைக் கொத்தினால் டிக்கற்றைக் கிழியுங்கள். இவ்வளவும் எழுதி அனுப்பினேன். அவர் கையைக் கூப்புகிற பொம்மை போட்டார். அடுத்த நிமிடம் இன்னொருவரிடம் 500 பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் குழுவில் இருந்து விலகிவிட்டேன்.

அன்ரனின் எருமைத் தலை, கொலின் கடையை விற்க முதலே, பதப்படுத்திக் கப்பலில் வந்து சேர்ந்திருந்தது. தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினான். அந்த வருடம் டிசம்பரில் நத்தார் பூசைக்குப் பிறகு சாப்பாடு அதற்குக் கீழேதான். அவனுடைய மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையாக வந்திருந்தார்கள். அவர்கள் கொம்பை நிமிர்ந்து பார்த்ததும் அன்ரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். தொடங்கப்போகிறான் என்று தெரிந்தது. தொடங்கினான். புல், மந்தை, மல்லுக்கட்டு. "பற்றைக்குள்ளால வந்தது பாருங்கோ, நேரா என்னை நோக்கி..."

மேரி சம்பந்திக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"தம்பி, அந்த நீலச் சட்டைக்காரன்ர கால் இப்ப எப்பிடி?"

"ஆர்? அது... அக்கா..."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி கறிச்சட்டிக்குப் போனது.

"நடக்கிறானோ?"

"அக்கா, சாப்பிடேக்க..."

"பிள்ளையள் இருக்கோ?"

"எனக்கு எப்பிடி..."

"பேரைக் கேட்டு வைச்சனியோ?"

சம்பந்தி தன் கோப்பையைப் பார்த்தார். அன்ரன் என்னைப் பார்த்தான், நான் நிறுத்துவேன் என்று நினைத்தானோ என்னவோ. நான் அப்பளத்தை உடைத்தேன்.

"இறைச்சி போடட்டே தம்பி?" என்று கேட்டாள் மேரி. போட்டுவிட்டு, அடுத்ததைக் கேட்டாள்.